நீலப் பென்சில்

செஃபெரினோ செத்துப்போன செய்தி
சர்டீன் விலைக்குக் கீழே நான்கு வரி.
பிறந்த வருடம் தப்பு.
பழக்கம் விடவில்லை, திருத்திவிட்டுத்தான்
காப்பியைக் குடித்தேன்.

லிஸ்பனில் ஒரு காலம் அவரைத் தெரியாத ஆளில்லை.
குடல்கறி விற்றவள் மகன்.
கருவாட்டு மண்டியில் மூட்டை தூக்கி
அந்த முதுகோடே மேடைக்கு வந்தவர்.
இடது புருவம் மட்டும் தனியாக ஏறும்,
வாடகை கேட்க வரும் வீட்டுக்காரன்போல,
ஒவ்வொரு படியாக, நின்று மூச்சு வாங்கி.
அது உச்சிக்குப் போவதற்குள்
கொட்டகையில் பாதிப் பேருக்கு வயிறு வலிக்கும்.

முதல் படத்தில் அவர் சர்வர்.
அமைச்சர் மடியில் சூப்பைக் கொட்டினார்.
அமைச்சர் கூடாது என்றேன்.
அமைச்சரை மாட்டு டாக்டர் ஆக்கினார்கள்.
உடுப்பு மாற்றக் காசில்லை,
மார்பு நிறையப் பதக்கங்களோடு
ஒரு மாட்டு டாக்டர்.

ஆமாம், நான்தான்.
மூன்றாம் மாடி, சன்னல் இல்லாத அறை,
நீலப் பென்சில், மாதச் சம்பளம்,
முப்பத்தோரு வருடம்.
அவர் பேசினார், நான் வெட்டினேன்.

ஒரு படத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில்.
‘நம் நாட்டில் எல்லாரும் சமம்’ என்பார்.
‘படுத்த பிறகு’ என்று முடிப்பார்.
அந்த இரண்டு சொல்லை எடுத்தேன்.
திரையில் என்ன ஆனது என்றால்,
சமம் என்கிறார். வாய் திறக்கிறது.
படம் ஒரு துள்ளு துள்ளுகிறது.
வாய் மூடியிருக்கிறது.
புருவம் மட்டும் மேலே.

வேலை நிமித்தம் கடைசி வரிசையில் இருந்தேன்.
ஐந்நூறு பேர் அந்த ஓட்டைக்குள்
ஐந்நூறு வசனத்தைப் போட்டுச் சிரித்தார்கள்.
அதில் சில, நான் தனியாக இருக்கும்போதும்
நினைக்கத் துணியாதவை.
பக்கத்துப் போலீஸ்காரன்
தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டான்.
அறிக்கையில் எழுதினேன்: ஆட்சேபம் இல்லை.

அப்புறம் அவருக்கு வித்தை பிடிபட்டுவிட்டது.
நான் வெட்டட்டும் என்றே வசனம் வைத்தார்,
தூண்டிலில் புழுவைப்போல.
கடித்தேன்.
சில தடவை தெரிந்தே கடித்தேன்.

பிறகு அந்த ஏப்ரல்.
சிப்பாய்கள் துப்பாக்கியில் பூச்செருகி நின்ற காலை
என் அறைக்குப் பூட்டு.
செஃபெரினோவை டிவிக்கு அழைத்தார்கள்.
தொண்டையில் கிடந்ததை எல்லாம் சொன்னார்:
அமைச்சர், பிஷப், ரொட்டி விலை,
ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறித்
திரும்பாத பையன்கள்.
எழுந்து நின்று கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
ஏறின புருவம் இறங்க வழி தெரியாமல்
நெற்றியில் நின்றது.

அப்புறம் சோப்பு விளம்பரம்.
அப்புறம் எஷ்டோரில் சூதாட்ட விடுதியில்
குலுக்கல் எண் வாசிக்கிற வேலை.
தெயோலிந்தா அவரை விட்டுப்
போர்த்தோவில் தங்கை வீட்டுக்குப் போனாள்.

ஒருமுறை இருபத்தெட்டாம் நம்பர் டிராமில்
எனக்கு எதிரே உட்கார்ந்தார்,
ஷூவிலிருந்து மழைத் தண்ணீர் ஒழுக.
ரசிகன் என்று சொல்லிக்கொண்டேன். பொய்யில்லையே.
‘அந்தப் பென்சில்காரனை
ஒரே ஒரு தடவை பார்க்கணும்’ என்றார்.
‘எதற்கு?’
வாய் திறந்தார்.
கண்டக்டர் மணியடித்தான்.
என் நிறுத்தம் அது இல்லை.
இறங்கிவிட்டேன்.

அதே டிராம் போய் நிற்கும் இடம்தான் இடுகாடு.
இன்பங்கள் என்று அதற்குப் பெயர்,
நான் வைத்ததில்லை.
பதினோரு பேர் வந்திருந்தோம்.
பாதிரியார் இளைஞர், படங்களைப் பார்த்திராதவர்,
‘ஆண்டவன் முன்னால் எல்லாரும் சமம்’ என்று
மூச்சு வாங்க நிறுத்தினார்.

எத்தனையோ வருடம் முன்னால் எடுத்த இரண்டு சொல்
என் நாக்கு நுனியில் வந்து நின்றது.
சொன்னேனா என்று கேட்காதீர்கள்.
குழி வெட்டினவன் மட்டும்
மண்வெட்டியை ஊன்றியபடி
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
தோள் குலுங்கியது.